கோலை விட்டு நடந்து வந்தவர்

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. அதை எடுத்துவர ஒருவர் ஓடினார். மத்தியஸ்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சின்ன இடைவெளியில்தான் கோல் காப்பாளர் ரொஹான் தன் கையுறைகளைக் கழற்றினார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கம்பத்தடியில் வைத்தார். பிறகு கோலை விட்டு வெளியே வந்து, மைதானத்தின் குறுக்காக, நேரே என் மேசையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அவர் ஓடவில்லை. கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவரைப் போல நடந்தார்.

அது அரையிறுதிப் போட்டி. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் போய் வருகிறேன், நல்ல மீன் கிடைக்கும் ஊர். கடற்கரை ஓரத்து மைதானம் என்பதால் சோளகக் காற்று மணலை அள்ளி வாய்க்குள் போடும். நான் ஒலிவாங்கியைக் கையால் மறைத்துப் பிடித்தபடி வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஆபிரிக்கா கோலை விட்டு வருகிறது. ஆபிரிக்காவுக்குத் தண்ணீர் விடாய் போல.”

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

மௌத்துக் குரல்

ரொஹான் மேசைக்கு வந்து சேர்வதற்குள், நான் எப்படி அந்த மேசைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

புத்தளம் தில்லையடியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மாணவர்களின் பழைய வினாத்தாள் என்று நாள் முழுக்கக் கொப்பி அடிப்பதுதான் தொழில். ஆனால் ஊரில் என்னை அறிந்தவர்கள் கடையால் அறிந்தவர்கள் அல்லர். குரலால் அறிந்தவர்கள்.

எங்கள் பள்ளிவாசலில் ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல், செய்கிறவன் நான்தான். காணாமல் போன ஆடு, தண்ணீர் வெட்டு, இரத்ததான முகாம் எல்லாம் என் வாயால்தான் வரும். இதனால் ஒரு சிக்கலும் உண்டு. மனைவியின் சொந்தக்காரர் யாருக்காவது போன் எடுத்து “நிஸார் பேசுறன்” என்றால், மறுபக்கத்தில் பேச்சு நின்றுவிடும். பிறகு மெல்லக் கேட்பார்கள். “இன்னா லில்லாஹி, ஆரு மௌத்து?”

ஒரு தடவை உதைபந்தாட்டப் போட்டியொன்றில் வழமையான அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னை உட்கார வைத்தார்கள். பத்து வருடமாகியும் நான் எழும்பவில்லை.

இறந்தவர்களை அறிவித்துப் பழகிய வாய்க்கு, உயிரோடு ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசக் கிடைத்தது பெரிய சந்தோஷம். கொஞ்சம் கூடவே சந்தோஷப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பெயர் வைக்கும் தொழில்

நம் பக்கத்துக் கழகங்களின் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்வது லேசான காரியம் அல்ல. மேற்சட்டை இலக்கம் ஒன்று இருக்கும், பெயர்ப் பட்டியலில் வேறொன்று இருக்கும். ஒரே அணியில் மூன்று ரிஸ்வான் ஓடுவார்கள். ஆகவே நான் பட்டப்பெயர் வைக்கத் தொடங்கினேன்.

உடப்பிலிருந்து வந்த ஒரு முன்கள ஆட்டக்காரர், ஆள் சின்னது, யார் பிடியிலும் அகப்படாமல் நழுவுவார். அவருக்குக் குட்டி இறாலின் பெயரை, “கூனி” என்று வைத்தேன். போட்டி முடிந்ததும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பந்து வந்தாலும் தலையால் அடிக்கிற ஒரு பின்கள வீரருக்குத் “தலையணை”. அவருடைய கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தலையணை என்றே எல்லோரும் கூப்பிட்டதாகக் கேள்வி.

புத்தளத்துக்கு அருகில் சில குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் ஆபிரிக்காவிலிருந்து படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் சிங்களம், கடைத்தெருவில் தமிழ், ஞாயிறு காலையில் தேவாலயம். ரொஹான் அந்தக் குடும்பங்களில் ஒருவர். வயரிங் வேலை செய்கிறவர். அவருடைய கழகத்தில் மற்ற எல்லோரும் முஸ்லிம்கள். நோன்பு காலத்தில் பயிற்சி முடிந்தால் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

நெடிய ஆள், நீண்ட கை, அடர்ந்த சுருள் முடி. முதல் ஆட்டத்திலேயே அவர் ஒரு பந்தைப் பறந்து தடுத்தபோது என் வாயில் வந்தது: “ஆபிரிக்கா தடுத்துவிட்டது.”

மைதானம் ஆரவாரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த இரண்டு வருடங்கள் நான் ஒலிவாங்கியில் ரொஹான் என்று ஒரு தடவையாவது சொன்னேனா என்பது சந்தேகம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது, அதுதான் பேசாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு நிஸார்கள்

இந்த இடத்தில் இன்னொரு பழைய கதை வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். என் கதைகள் நேர்கோட்டில் வராது என்று இத்தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்தோம். வந்தோம் என்பதைவிட, வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் துப்பாக்கியோடு வந்தவர்கள் போகச் சொன்னார்கள், வந்து சேர்ந்தோம். கிடுகுக் கொட்டில், தண்ணீர் வரிசை, வாப்பாவின் முகத்தில் முளைத்த தாடி. அதையெல்லாம் முன்பே எழுதிவிட்டேன். எங்களுக்கு வளவு தந்ததும் சோறு தந்ததும் புத்தளத்து மக்கள்தான். அதை மறந்து எதையும் எழுத முடியாது.

சேர்ந்த பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் நான்கு நிஸார்கள். விளையாட்டுப் பாடத்துக்குப் பொறுப்பான மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று பேருக்கு வாப்பாவின் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்தார். எம் நிஸார், ஏ நிஸார், எஸ் நிஸார். எனக்கும் வாப்பா இருந்தார், அவருக்கும் பெயர் இருந்தது. ஆனாலும் நான் “அகதி நிஸார்” ஆனேன்.

“அகதி நிஸார், நீ கோல்ல நில்லு.” “அகதி நிஸார், பந்தை எடுத்திட்டு வா.”

அந்த மாஸ்டர் கெட்டவர் அல்லர். எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவரும் அவர்தான். ஓ/எல் பரீட்சை வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது. வகுப்புச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன். நான் சிரித்ததால் அவர்களுக்கு அது பகிடி. வீட்டுக்குப் போகிற வழியில் என் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான் நான். கையில் ஒலிவாங்கி வந்தவுடன் எல்லாம் மறந்துவிட்டது.

மேசையடியில்

இனி ரொஹான் வந்து சேரட்டும்.

அன்று அவருடைய கோலுக்குப் பின்னால் இருபது பேரளவில் நின்றார்கள். எதிரணியின் ஆதரவாளர்கள். ஒரு டிரம் வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து குரங்கு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாழைப்பழத் தோலை எறிந்ததையும் கண்டேன். கண்டும், விளையாட்டுத்தானே என்று இருந்தேன்.

ரொஹான் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது.

“நிஸார் நானா, மைக்கக் கொஞ்சம் கீழ வைங்க.”

வைத்தேன். ஆனால் நிறுத்த மறந்துவிட்டேன். அதனால் அதற்குப் பிறகு நாங்கள் கதைத்தது முழுவதும், காற்றின் இரைச்சலோடு, மைதானம் எங்கும் கேட்டது. எனக்கு அது பிறகுதான் தெரியும்.

“என்ன ரொஹான், கால் ஏதும் பிடிச்சிட்டா?”

“இல்ல. எனக்கு ஒரு பேர் இரிக்கி. உங்கட லிஸ்ட்ல முதலாவது பேரே அதுதான்.”

“பகிடிக்குத்தானே கூப்பிடுறன் மல்லி. நல்லா விளையாடுற ஆள் எண்டுதானே...”

தம்பி என்று குழைந்து சிங்களத்தில் “மல்லி” போட்டும் பலனில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. களைப்பு இருந்தது.

“நீங்க புத்தளத்துக்கு எப்ப வந்த?”

“தொண்ணூறில.”

“எங்கட ஆக்கள் எப்ப வந்த எண்டு எனக்குத் தெரியா. எங்கட அப்பாக்கும் தெரியா, அவர்ட அப்பாக்கும் தெரியா. நான் பக்கத்துச் சிலாபத்தத் தாண்டிப் போனதே பத்துத் தரம் இரிக்காது. அப்ப நம்ம ரெண்டு பேர்ல ஆரு வெளியால இரிந்து வந்த?”

மேசையில் கிடந்த பெயர்ப் பட்டியல் காற்றில் படபடத்தது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். ஏதாவது செய்ய வேண்டுமே.

“அந்தா கத்துறவங்கள எனக்குத் தெரியா,” என்றார் ரொஹான். “அவங்கக்கிட்ட போய் என்ன சொல்ற? உங்களத் தெரியும். ஒண்டாக் கஞ்சி குடிச்சிரிக்கம். அதான் உங்கக்கிட்ட வந்த.”

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அந்த டிரம் சும்மா சும்மா அடிக்கவில்லை. நான் “ஆபிரிக்கா” என்று சொல்லும்போதெல்லாம் அடித்தது. அவர்களுக்குத் தாளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

ஒலிவாங்கியை எடுத்தேன். ஜனாஸா அறிவிக்கும் குரல்தான் வந்தது.

“கோலுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு அறிவித்தல்,” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “இவருடைய பெயர் ரொஹான். அந்த மற்றப் பெயரை வைத்தது நான். அது பிழை. நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள். உங்கள் சத்தம் நிற்கும் வரைக்கும் இந்த ஆட்டத்துக்கு நான் வர்ணனை சொல்ல மாட்டேன்.”

சிலர் கை தட்டினார்கள். வர்ணனை இல்லை என்ற சந்தோஷத்தில் தட்டினார்களோ தெரியாது.

பிறகு, பந்தல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய் அகதி, மைக்க வச்சிட்டு மன்னாருக்குப் போ.”

முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எனக்குப் புத்தளத்தில் வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, மூன்று பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். இருந்தும் அந்தச் சொல் வந்து விழுந்தவுடன் நான் எட்டு வயதில் நின்றேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

ரொஹானும் அதைக் கேட்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“இப்ப உங்களுக்கும் பேர் வச்சிட்டாங்க, நானா.”

“அது பழைய பேர்,” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதுவும் ஒலிபெருக்கியில் போனது.

வயர் பிடுங்கிய ஹாஜியார்

போட்டிக் குழுவின் செயலாளர் ஒரு ஹாஜியார். சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து முதல் வேலையாக வயரைப் பிடுங்கினார்.

“நிஸார், விளையாட்டுக்குள்ள அரசியலக் கொண்டு வராதீங்க.”

“அரசியல் இல்ல ஹாஜியார். அவர்ட பேரச் சொல்லச் சொல்றார். அவ்வளவுதான்.”

“நாலு பேர் கத்துறத்துக்கு மெட்ச்சப் பழுதாக்க ஏலுமா? அவரப் போய்க் கோல்ல நிக்கச் சொல்லுங்க. இல்லாட்டி மற்ற டீம் வெண்ட எண்டு எழுத வேண்டி வரும்.”

இதற்குள் ரொஹானின் அணித்தலைவர் இம்தியாஸ் முழு அணியையும் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். குத்துக்கல் மாதிரி ஆள், அதிகம் பேசமாட்டார்.

“எழுதுங்க ஹாஜியார்,” என்றார். “சத்தம் நிண்டா விளையாடுறம். நிக்காட்டி நாங்க பஸ்ஸில ஏறுறம்.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார், இம்தியாஸைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஒரு முடிவும் அங்கே எழுதியிருக்கவில்லை.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எதிரணியின் தலைவர், அதுவரை இடுப்பில் கைவைத்து நடுக்கோட்டில் நின்றவர், கோலுக்குப் பின்னால் போனார். அங்கே என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது டிரம் அவர் தோளில் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார்.

“எங்கட டிரம்தான். எங்கட ஆக்கள்தான்,” என்று ரொஹானிடம் சொன்னார். “வெக்கமா இரிக்கி. வாங்க, விளையாடுவம்.”

இருபது நிமிடத்துக்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்தது. வர்ணனை இல்லாமல், டிரம் இல்லாமல். பந்தைக் கால் உதைக்கிற சத்தத்தை அன்றுதான் சரியாகக் கேட்டேன்.

இதற்குப் பிறகு ரொஹான் அற்புதமாக ஆடி அணியை வெல்ல வைத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவருடைய இரண்டு கைக்கும் நடுவால் ஒரு சாதாரணப் பந்து உள்ளே போனது. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அவர் கையுறைகளைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஸரீனா கேட்ட கேள்வி

யாரோ எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். கட்டாரிலிருந்து மச்சான் போன் எடுத்தார். “உங்களுக்குத் தேவயா இது?” என்று அரை மணித்தியாலம் கேட்டார். கடைக்கு வந்த ஒருவர் கொப்பி அடித்து வாங்கிய பிறகு, “நல்லாச் சொன்னீங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அந்தப் பருவம் முடியும் வரை என்னை எந்தப் போட்டிக்கும் கூப்பிடவில்லை. நான் கொஞ்சம் தியாகி மாதிரி வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஸரீனா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ரொஹான்ட வீட்ட போனீங்களா?”

“அதான் மைக்ல சொல்லிட்டனே.”

“மைக்ல ஊருக்குச் சொன்னீங்க. அவருக்குச் சொன்னீங்களா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி தொதல் இனிப்போடு போனேன்.

திரைச்சீலைக்குப் பின்னால்

ரொஹான் வாசலில் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய மனைவி சந்தியா பாலில்லாத பிளேன்டி கொண்டுவந்தார். நான் வழியில் பாடமாக்கிக்கொண்டு போனதை ஒப்பித்தேன். ரொஹான் கேட்டுக்கொண்டிருந்தார். திருகாணி ஒன்றைத் துணியால் துடைத்து வைத்தார்.

“நீங்க அண்டைக்குச் சொன்னது நல்லம்,” என்றார். “ஆனா ரெண்டு வருஷம் நீங்கதான் கூப்பிட்ட.”

“ஓம்,” என்றேன்.

வீட்டுக்குள் திரைச்சீலை அசைந்தது. அதன் கீழே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. மகள் நெத்மி, ஒன்பது வயது என்றார் சந்தியா. பிறகு சிங்களத்தில், நான் விளங்கிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மைதானத்தில் நான் வைத்த பெயர் மகளின் பாடசாலைக்கும் போயிருந்தது. பிள்ளைகள் அவளையும் ஆபிரிக்கா என்று கூப்பிட்டார்கள். அரையிறுதிக்கு முன்பே இரண்டு கிழமையாக அவள் வயிற்றுவலி என்று சொல்லிப் பாடசாலைக்குப் போகவில்லை.

தொதல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மிகச் சிறிய பெட்டியாகத் தெரிந்தது.

“எனக்கு இருவது வருஷமா வேற வேற பேர்,” என்றார் ரொஹான். “பழகிட்டு. அவளுக்குப் பழகக் கூடாது. அதுக்குத்தான் அண்டைக்கு நடந்து வந்த.”

“நான் என்ன செய்யட்டும் மல்லி?”

பதில் சந்தியாவிடமிருந்து வந்தது. “உங்களுக்குக் குரல் இருக்கிறதே. பாடசாலைக்கு வந்து சொல்ல முடியாதா?”

நான் கேட்ட கம்பனி

பாடசாலை அதிபர் ஒத்துக்கொண்டார். காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம். சிங்களப் பாடசாலை. என் சிங்களம் கடைச் சிங்களம். எத்தனை கொப்பி, முன்பக்கம் மட்டுமா இரண்டு பக்கமா என்பதற்கு மேல் போனதில்லை. சொல்ல வேண்டியதை எழுதி, மூன்று நாள் பாடமாக்கினேன்.

வெள்ளைச் சீருடையில் இருநூறு பிள்ளைகள். நெத்மியைச் சந்தியா கையோடு கூட்டி வந்திருந்தார். மூன்றாம் வரிசையில் தலை குனிந்து நின்றாள்.

பிழை என்னுடையது என்று சொன்னேன். ஒருவருடைய பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பது பகிடி அல்ல என்று சொன்னேன். எனக்கும் சின்ன வயதில் ஒருவர் அப்படிச் செய்தார் என்று சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். எனக்குத் துணிவு வந்துவிட்டது. கடைசி வசனத்தைக் குரலை உயர்த்திச் சொன்னேன்.

மன்னிப்புக்குச் சிங்களத்தில் “சமாவ” என்பார்கள். நான் “சமாகம” என்று சொல்லிவிட்டேன். அதற்குக் கம்பனி என்று அர்த்தம். “உங்கள் எல்லோரிடமும் ஒரு கம்பனி கேட்டு வந்திருக்கிறேன்” என்று உருக்கமாக முடித்தேன்.

இருநூறு பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். அதிபர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடினார். எனக்கு எங்கே பிழைத்தது என்று விளங்கவில்லை. அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல், சிரிப்பை அடக்க முடியாமல், ஆனால் தெளிவாக வந்தது.

“சமாகம இல்லை, மாமா. சமாவ.”

நெத்மிதான். தலை நிமிர்ந்திருந்தது.

ஒரு இடைவேளை

ஒரு மேடைப் பேச்சால் உலகம் திருந்திவிடாது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ரொஹான் ஏதோ சான்றிதழ் கொப்பி அடிக்கக் கடைக்கு வந்தார். மகள் எப்படி என்று கேட்டேன். பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறாள் என்றார். அதற்கு முந்திய நாள் இடைவேளையில், புதிதாக வந்த ஒருவன் அவளை மறுபடியும் அந்தப் பெயரால் கூப்பிட்டானாம்.

என் கை இயந்திரத்தின் மூடியில் நின்றுவிட்டது. “பிறகு?”

“எழும்பி அவனுக்கிட்டயே போயிரிக்கா. என்ட பேர் நெத்மி எண்டு சொல்லியிரிக்கா. ஆபிரிக்கா எங்க இரிக்கி எண்டு உனக்குத் தெரியுமா எண்டு கேட்டிரிக்கா. அவனுக்குத் தெரியல்ல. கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போய், வகுப்புச் சுவர்ல இரிக்கிற உலகப் படத்தில காட்டியிரிக்கா.”

“அழல்லயா?”

“இல்ல. எனக்கு உங்கட மேசைக்கு வர இருவது வருஷம் போச்சு, நானா. அவளுக்கு ஒரு இன்டவல் போதும்.”

கொப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போய், ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பிச் சிரித்தார். ஆபிரிக்காவைக் காட்டி முடிந்ததும் அந்தப் பையன், அப்போது நாம் இருப்பது எங்கே என்று கேட்டானாம். இரண்டு பேருமாகக் கடல் முழுக்க இலங்கையைத் தேடியதில் மணி அடித்தது கேட்கவில்லையாம். ரீச்சர் வந்தபோது இரண்டு மூக்கும் படத்தில் முட்டிக்கொண்டிருந்ததாம்.